வீட்டு வரி கட்டப் போகிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்

முதலில் பழைய ரசீதைத் தேடுங்கள். அனேகமாக ரேஷன் கார்டு இருக்கிற அதே பிளாஸ்டிக் கவருக்குள்தான் கிடக்கும். அதன் தலைப்பில் நகராட்சியா, பேரூராட்சியா, ஊராட்சியா என்று பாருங்கள். தபால் முகவரியில் கீழக்கரை என்று இருக்கும், வீடு பக்கத்து ஊராட்சியில் இருக்கும், நம்ம ராமநாதபுரம் பக்கம் இது சகஜம். ஊராட்சி என்றால் வீட்டு வரிக் கணக்கே வேறு, ஆன்லைனில் கட்ட வி.பி.டாக்ஸ் தளம். கீழே வரும் 5 சதவீத ஊக்கத்தொகை ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் மாதிரி நகராட்சிகளுக்கும் மண்டபம், தொண்டி, சாயல்குடி மாதிரி பேரூராட்சிகளுக்கும்.

அங்கே சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு தடவை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சம் 5,000 ரூபாய். குடிநீர்க் கட்டணத்தில் இது கிடையாது. வரி 1,240 என்றால் மிச்சம் 62 ரூபாய். கால் கிலோ நகரை மீனுக்குக்கூடக் காணாது, ஆனால் இழுத்தடித்தால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஏறும். விசைப்படகு வருமானத்தில் ஓடுகிற வீடு என்றால் ஏப்ரல் கடைசி வரை காத்திருக்காதீர்கள், 15ஆம் தேதியே மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும், அப்புறம் கையில் காசு நிற்காது.

சரி, நிஜமாகவே பணம் மிஞ்சுகிற இடம் வேறு. உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வரி என்று காட்டுகிற கேட்பு விவரத்தை எடுத்து, கட்டடப் பரப்பு எவ்வளவு, குடியிருப்பா வணிகமா, ஓடா கான்கிரீட்டா என்று போட்டிருப்பதைப் படியுங்கள். 2022இல் வரியை உயர்த்தியபோது குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று வைத்தார்கள். அப்படியானால் 590 அடி வீட்டை யாரோ கண்ணளவில் 610 என்று எழுதிவிட்டால் உயர்வே இரட்டிப்பு! டேப்பைப் பிடித்து நீங்களே அளந்து பாருங்கள்.

என் சின்னம்மா வீட்டு முன்னறையில் ஒரு காலத்தில் பெட்டிக்கடை இருந்தது. கடையை மூடி, பலகையைக் கழற்றி, அந்த இடத்தில் வலை மூட்டையும் ஐஸ் பெட்டியும் அடுக்கி வருஷக்கணக்காகியும் ஏட்டில் வணிகம்தான், வரியும் அப்படியேதான். எந்த ஊர் என்று சொல்லவில்லை, விடுங்கள். வாயால் மூன்று தடவை சொல்லி ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது தடவை மனு எழுதி, போட்டோ ஒட்டி, நகலில் சீல் வாங்கினோம். அப்புறம்தான் அளக்க ஆள் வந்தார். நகராட்சியில் ஆணையருக்கு எழுதுங்கள், பேரூராட்சியில் செயல் அலுவலருக்கு. சீல் இல்லாத நகல் வெறும் பேப்பர்.

வீட்டில் ராணுவத்தில் இருந்து வந்தவர் யாராவது உண்டென்றால், நம்ம மாவட்டத்தில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வீட்டு வரிச் சலுகை பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.

வரி இன்னும் தாத்தா பெயரிலேயே வருகிறதா? பெயர் மாற்றத்துக்கும் இப்போதே மனு கொடுத்துவிடுங்கள். ஆனால் வரி ரசீதில் பெயர் ஏறிவிட்டது என்பதற்காக பட்டா மாற்றாமல் இருந்துவிடாதீர்கள், அது தாலுகா ஆபீஸ் வேலை.