பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே கேட்க வேண்டிய ஒரு கேள்வி

அண்ணனோ அக்காவோ மனுப்போட்டு, பத்துப் பதினைந்து வருடம் காத்திருந்து, கிரீன் கார்டோடு அமெரிக்கா வந்து இறங்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஐடி வேலைக்கு வந்தவர்கள் வீட்டில் பிள்ளைகளின் கல்லூரிப் பேச்சு தானாகவே நடக்கும். பெட்ரோல் பங்கிலும் மளிகைக் கடையிலும் இரண்டு ஷிஃப்ட் பார்க்கும் வீட்டில் அதைப் பேச ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஃபெடரல் அரசின் திட்டங்கள் இருக்கின்றன. நம்மவர்களில் பலருக்கு அது தெரியவரும்போது பிள்ளை பன்னிரண்டாவதில் இருக்கும்.

முக்கியமானது அப்வர்ட் பவுண்ட்: உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்செய்யும் திட்டம். ஜான்சன் ஜனாதிபதியாக இருந்த 1964-இல், வறுமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. 1965-இல், பிள்ளைகளுக்குக் கல்லூரி வழிகாட்டும் டேலன்ட் சர்ச் வந்தது. 1968-இல் கல்லூரிக்குள் போனவர்களுக்கு உதவ இன்னொன்று. மூன்றுக்கும் சேர்த்து டிரையோ என்று பெயர் வைத்தார்கள். பிறகு திட்டங்கள் கூடிவிட்டன, பெயர் மாறவில்லை. பள்ளிக் கவுன்சலரிடம் "இங்கே டிரையோ இருக்கிறதா?" என்று கேட்டால் போதும்.

அப்வர்ட் பவுண்டில் பள்ளி நடக்கும் மாதங்களில் கணக்கு, அறிவியல், ஆங்கிலக் கட்டுரை எல்லாவற்றுக்கும் டியூஷன் உண்டு. கல்லூரி விண்ணப்பத்துக்கும், நிதி உதவிக்கான ஃபாஃப்சா படிவத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவார்கள். இந்தத் திட்டத்தில் இருந்தால் கல்லூரி விண்ணப்பத்துக்கான எஸ்ஏடி தேர்வின் கட்டணத்துக்கு விலக்கும் கேட்கலாம். நீங்கள் கட்ட வேண்டியது எதுவும் இல்லை.

யார் சேரலாம்? குறைந்த வருமானம், அல்லது அப்பா அம்மா இருவருமே இளங்கலைப் பட்டம் வாங்காதவர்கள் என்றால் விண்ணப்பிக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு இடம் இரண்டும் பொருந்துகிற பிள்ளைகளுக்குத்தான். வருமான வரம்பு, அரசு அறிவிக்கும் வறுமைக் கோட்டில் ஒன்றரை மடங்கு.

இங்கேதான் நம் ஆட்கள் தவறவிடுகிறார்கள். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு வரும் ஒரு அப்பா, வருடச் சம்பளத்தைப் பார்த்து "நமக்குக் கிடைக்காது" என்று படிவத்தை மடித்து வைத்துவிட்டார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரிக் கணக்கை விரித்துப் பார்த்தோம். அவர்கள் கேட்பது மொத்தச் சம்பளம் அல்ல, கழிவுகள் போக மிஞ்சும் வரிக்குரிய வருமானம்: வருடாந்திர வரிக் கணக்கான 1040 படிவத்தில் 15 என்று எண்ணிட்ட வரிசையில் இருக்கும் தொகை. அந்த எண் வரம்புக்குள் இருந்தது. ஆனால் அவருக்கு மனத்தடை வேறு. "ஏழை என்று கையெழுத்துப் போடவா வந்தோம்?" என்றார். அந்த வார்த்தை படிவத்தில் எங்கேயும் இல்லை, அண்ணா என்றேன். மறுநாள் போட்டார்.

கோடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல இடங்களில் பிள்ளைகள் ஆறு வாரம் கல்லூரி விடுதியிலேயே தங்கிப் படிப்பார்கள். பெண் பிள்ளையை அனுப்ப அம்மாக்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. வேண்டாம் என்று சொல்லும் முன் திட்ட இயக்குநரிடம் பேசுங்கள், விடுதியைப் போய்ப் பாருங்கள், இரவில் யார் பொறுப்பு, சைவச் சாப்பாடு உண்டா என்று கேளுங்கள். விடுதி வாழ்க்கை, நூலகம், பேராசிரியரிடம் போய்ப் பேசுவது எல்லாம் அங்கேதான் பழகும். என் கணிப்பில் டியூஷனைவிட இதுவே பெரிய லாபம்.

விசா விஷயம்: கிரீன் கார்டு இருந்தால் சிக்கல் இல்லை. அகதி அந்தஸ்து கிடைத்த ஈழத்துக் குடும்பங்களும் கேட்கலாம். எச்-4 (வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்துக்குத் தரும் விசா) போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அப்வர்ட் பவுண்ட் கிடைக்காது.

அப்வர்ட் பவுண்ட் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லையென்றால் டேலன்ட் சர்ச் உண்டா என்று கேளுங்கள். அதில் 11 வயதிலிருந்தே சேரலாம். பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்செய்யும் இன்னொரு ஃபெடரல் திட்டமான கியர் அப் இருக்கும் பள்ளியில் பெரும்பாலும் தனி விண்ணப்பமே வேண்டாம், ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமாகச் சேர்க்கப்படுவார்கள்.

விண்ணப்பிக்கப் போகும்போது வரிக் கணக்கு, கிரீன் கார்டு, கடைசி மதிப்பெண் அட்டை மூன்றையும் கொண்டுபோங்கள். ஆங்கிலம் தடுமாறினால் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இரண்டு நாள் முன்பே பள்ளி அலுவலகத்தில் சொல்லுங்கள். அரசுப் பள்ளி அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். ஆள் நேரில் கிடைக்காவிட்டால் போனிலாவது பேச வைப்பார்கள்.