ஆண் முயலுக்கு ஒபரேஷன் முடிந்த பிறகு

விதை நீக்கிய மறுநாளே முயல் சாதுவாகிவிடாது. உடம்பில் மிஞ்சிய ஹோர்மோன் குறைய 4 முதல் 6 வாரம் எடுக்கும். அதுவரை மூத்திரம் பீச்சும், உங்கள் காலைச் சுற்றி ஓடும், மேலே ஏறும். அடிக்காதீர்கள், பாவம். இந்த வாரங்களிலும் சினைப்படுத்தக்கூடும். பெண் முயல் வேறு கூட்டில் இருக்கட்டும்.

முதல் நாள்தான் கவனம். 12 மணித்தியாலம் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் குடல் இயக்கம் நின்றுபோகலாம், காத்திருக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கொழும்புப் புழுக்கத்துக்கு, உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்; காயம் நனையக்கூடாது. கூட்டில் விரிக்க மரத்தூளும் வேண்டாம், பத்திரிகைத் தாள் போதும்.

பீச்சிய இடத்தை வினாகிரியும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடையுங்கள். மணம் மிஞ்சினால் பழக்கத்தில் மறுபடி அங்கேயே போகும்.