குவிந்து கிடக்கும் கோடுகளை டிரிம் செய்யும் முறை

தரை டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், கிரில் கதவு என்று கட்டம் கட்டமாகக் கோடுகள் ஓடும் வரைபடங்கள்தான் என் அன்றாட வேலை. எல்லாம் ஆட்டோகேட் என்ற கணினி வரைபட மென்பொருளில்தான். புதிதாகச் சேருகிறவர்கள் அறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாகக் கிளிக் செய்து வெட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் இவ்வளவு கிளிக் தேவைப்படுகிறது என்று பார்ப்போம். ஆட்டோகேட் 2021 முதல் டிரிம் கமாண்ட், அதாவது கோடுகளை வெட்டும் கட்டளை, க்விக் முறையில்தான் திறக்கிறது. அந்த முறையில் திரையில் உள்ள எல்லாக் கோடுகளும் கட்டிங் எட்ஜ்தான், அதாவது வெட்டு வந்து நிற்கும் எல்லை. நாலு கோடு உள்ள படத்தில் இது சுகமாக இருக்கும். ஆனால் கட்டங்கள் நிறைந்த படத்தில் ஒவ்வொரு கோடும் மற்ற எல்லாக் கோட்டையும் வெட்டுகிறது. சுவருக்கு வெளியே நீளும் ஒரு கோட்டைக் கிளிக் செய்தால், சுவர் வரைக்கும் போகாது. பக்கத்தில் குறுக்கிடும் அடுத்த டைல்ஸ் கோட்டோடு நின்றுவிடும். மிச்சத்தை மறுபடி கிளிக் செய்ய வேண்டும், மறுபடி இன்னொரு துண்டு. ஆகவே எது எட்ஜ் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். இது ஒன்று பிடிபட்டால் மீதி எல்லாம் சுலபம்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். எல் வடிவத்தில் ஒரு அறை. அதன் உள்விளிம்பு ஒரே மூடிய பாலிலைன், அதாவது பல துண்டுகள் சேர்ந்த ஒரே தொடர்கோடு. உள்ளே 300க்கு 450 மில்லிமீட்டர் அளவில் இரண்டு தூண்கள், அவையும் மூடிய பாலிலைன்கள். மேலே 600 மில்லிமீட்டர் இடைவெளியில் நெடுக்கிலும் குறுக்கிலும் கோடுகள், எல்லாப் பக்கமும் அறையைத் தாண்டி நீட்டிக்கொண்டு.

டிரிம்முக்கு டி, ஆர் (TR) என்று தட்டுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். கோடுகளை, ஒரே இடைவெளியில் நகலெடுக்கும் அர்ரே கமாண்டில் போட்டிருந்தால் அந்த அர்ரே மொத்தமும் ஒரே பொருளாக இருக்கலாம். அப்படியே டிரிம் ஆகாது, எக்ஸ்ப்ளோட் செய்து தனித்தனிக் கோடுகளாகப் பிரித்துவிடுங்கள். அடுத்து, கோடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலும் 1ம் அழுத்தி ப்ராப்பர்ட்டீஸ் பலகையைத் திறந்து ஸ்டார்ட் இசட், எண்ட் இசட் இரண்டையும் பாருங்கள். வெளியிலிருந்து வரும் படங்களில் கோடுகள் வெவ்வேறு உயரத்தில் மிதப்பது சகஜம். மேலிருந்து பார்க்கும்போது எல்லாம் ஒரே தளத்தில் இருப்பது போலத்தான் தெரியும். இரண்டையும் 0 ஆக்கிவிடுங்கள்.

மூன்றாவதுதான் பலரும் தவிர்க்கிற வேலை: ஓவர்கில். ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளில் மேலே இருப்பதை வெட்டினால் அடியில் இருப்பது அப்படியே நிற்கும். டிரிம் வேலை செய்யவில்லை என்று நினைத்து அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கிளிக் செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓவர்கில் அந்த இரட்டைக் கோடுகளை நீக்கிவிடும். ஒரே நேர்கோட்டில் பாதி பாதியாக ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடப்பவற்றையும் ஒன்றாக்கிவிடும். உயரத்தை முதலிலேயே 0 ஆக்கச் சொன்னதற்குக் காரணமும் இதுதான். உயரம் வேறுபட்டால் ஓவர்கில் அவற்றை இரட்டையாகவே எண்ணாது.

ஓவர்கில் திறக்கும் டயலாக்கில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். லேயர் என்பது கோடுகளை வகை பிரித்து வைக்கும் அடுக்கு. லேயரைக் கண்டுகொள்ளாதே என்ற பெட்டியை டிக் செய்தால், சுவர் லேயரில் ஒன்றும் டைல்ஸ் லேயரில் ஒன்றுமாக ஒரே இடத்தில் இருக்கும் கோடுகளில் ஒன்றுதான் மிஞ்சும். ஏதோ ஒரு லேயரில் ஓட்டை விழும். அதைத் தொடாதீர்கள். நுனியோடு நுனி சேரும் கோடுகளை இணைக்கும் பெட்டியும் உண்டு. வேண்டுமென்றே துண்டாக வைத்த கோடுகள் இருந்தால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். டைல்ஸ் கோடுகளுக்கு அது இருப்பதே நல்லது, ஒவ்வொரு கோடும் முழுநீளமாகிவிடும். பல கோடுகளை ஒரே பொருளாகக் கட்டிவைத்த பிளாக்குக்குள் இருக்கும் கோடுகளை ஓவர்கில் எட்டிப் பார்க்காது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

சரி, இப்போது வெட்டலாம். லேஐசோ (LAYISO) கமாண்டில் டைல்ஸ் லேயரையும் அறை விளிம்பும் தூண்களும் உள்ள லேயரையும் மட்டும் விட்டு மற்றவற்றை அணைத்துவிடுங்கள். டிரிம்மைத் தொடங்கி, டி (T) என்று தட்டி எண்டர் கொடுத்தால் கட்டிங் எட்ஜைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அறையின் பாலிலைனை மட்டும் கிளிக் செய்து மறுபடி எண்டர். இனி டைல்ஸ் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாது. எல்லாம் அறை விளிம்பில்தான் நிற்கும். வெற்றிடத்தில் ஒரு புள்ளியும் எதிர்முனையில் ஒரு புள்ளியும் வைத்தால், நடுவில் குறுக்கிடும் எல்லாக் கோடுகளும் ஒரே தடவையில் போய்விடும். இதுதான் ஃபென்ஸ். ஸ்டாண்டர்ட் முறைக்கு மாறினால் எஃப் தட்டி, வளைந்து வளைந்து போகும் ஃபென்ஸே போடலாம். ஓ தட்டினால் முறையை மாற்றலாம். எப்போதும் ஸ்டாண்டர்ட் முறையிலேயே திறக்க வேண்டுமென்றால் டிரிம்எக்ஸ்டெண்ட்மோடு (TRIMEXTENDMODE) மாறியை 0 ஆக்குங்கள்.

ஃபென்ஸை எங்கே போடுகிறோம் என்பது முக்கியம். விளிம்பை ஒட்டி, வெளிப்பக்கமாக, ஒரு விரல் அகலத்தில் இழுங்கள். தள்ளிப் போட்டால் கொஞ்சமாக மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் கோடுகளை ஃபென்ஸ் தொடவே தொடாது. எல் வடிவத்தின் உள்மடிப்பில் இன்னும் கவனம் தேவை. அங்கே ஒரே கோடு அறைக்குள் போய், வெளியே வந்து, அப்படியே வெளியிலேயே ஓடலாம். ஃபென்ஸ் எந்தத் துண்டைத் தொடுகிறதோ அந்தத் துண்டுதான் போகும்.

இதையும்விட எளிதான வழி எக்ஸ்டிரிம் (EXTRIM). இது எக்ஸ்பிரஸ் டூல்ஸ் என்ற கூடுதல் கருவித் தொகுப்பில் வருவது, ஆட்டோகேடின் எளிய பதிப்பான எல்டி வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்காது. கமாண்டைத் தட்டி, அறையின் பாலிலைனைக் கிளிக் செய்து, வெளியே ஏதாவது ஓரிடத்தில் ஒரு கிளிக். அவ்வளவுதான், நான்கு பக்கமும் சுத்தம். தூணுக்கும் அதேதான்: தூணின் பாலிலைன், அப்புறம் தூணுக்குள்ளே ஒரு கிளிக். மடிப்பு நிறைந்த விளிம்புகளுக்கு நான் இதைத்தான் முதலில் கையில் எடுப்பேன். மூன்று நிபந்தனைகள் உண்டு. விளிம்பு முழுவதும் திரையில் தெரிய வேண்டும். விளிம்பைக் கடக்கும் எதையும் இது விட்டுவைக்காது, அதனால்தான் லேயர்களை முதலிலேயே அணைக்கச் சொன்னேன். விளிம்பைத் தொடாமல் முழுக்க வெளியே கிடக்கும் கோடுகளை இது தொடாது. அவற்றை இரேஸ் கமாண்டில் தனியாக அழிக்க வேண்டும்.

வெட்டும்போது அளவுக்கு மேல் போய்விட்டால் கமாண்டை விட்டு வெளியே வர வேண்டாம். யு தட்டினால் கடைசியாக வெட்டியது மட்டும் திரும்பி வரும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் வெட்டுவதற்குப் பதிலாகக் கோடு எட்ஜ் வரை நீளும். பாதியில் குட்டையாக நிற்கும் கோடுகளுக்கு இது போதும்.

டிரிம்மே வேண்டாத இடங்களும் உண்டு. செவ்வகங்களும் வட்டங்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, உங்களுக்கு வெளிவடிவம் மட்டும் தேவை என்றால் அவற்றை ரீஜன் (பரப்பு) ஆக்கி, யூனியன் கொடுத்து ஒன்றாக்கி, எக்ஸ்ப்ளோட் செய்யுங்கள். கோடுகளும் வில்களும் தனியாக வந்துவிடும், ஜாயின் செய்துகொள்ளலாம். குழப்பத்தின் நடுவே ஒரே ஒரு மூடிய பரப்பு போதுமென்றால் பவுண்டரி கமாண்டில் அதன் உள்ளே ஒரு கிளிக் போதும். புது பாலிலைன் கிடைக்கும், பழையது அப்படியே இருக்கும். பிளாக்கை வெட்ட வேண்டுமென்று எக்ஸ்ப்ளோட் செய்யாதீர்கள், எக்ஸ்கிளிப் போட்டு மறைத்துவிடுங்கள். டைல்ஸ் பார்வைக்கு மட்டும் என்றால் யூசர் டிஃபைன்ட் ஹேட்ச் (பரப்பைக் கோடுகளால் நிரப்புவது), இடைவெளி 600, டபுள் ஆன். தூண்களைத் தானாகவே விட்டுவிட்டு நிரப்பும், ஒரு கோடுகூட வெட்ட வேண்டாம்.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள். க்யூசெலக்டில் லைன் என்று தேர்ந்தெடுத்து, நீளம் 5க்குக் குறைவு என்று கொடுங்கள். சிக்குவதை ஒரு தடவை ஜூம் செய்து பார்த்துவிட்டு அழியுங்கள். அப்புறம் லேஅன்ஐசோ (LAYUNISO) தட்டி, அணைத்த லேயர்களைத் திரும்பக் கொண்டுவந்து, தூண்களின் மூலைகளை மட்டும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். விட்டுப்போன துண்டுகள் அதிகம் சிக்குவது அங்கேதான்.