வன்னியின் பழைய இடங்களுக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வழிகாட்டத் தொடங்கிய பிள்ளைகளும் ஊர்ச் சங்கங்களும் எங்கள் காலத்துப் பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். தொப்பி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் எவரும் சொல்லித் தருவார்கள், அதை விடுகிறேன்.

நிழலைத் தறிப்பது

இதற்குத்தான் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. காசு வந்ததும் முதல் வேலையாக மரத்தைத் தறித்து, மண்ணை மூடி இன்டர்லொக் கல் பதிக்கிறார்கள். படத்தில் துப்புரவாகத்தான் தெரியும். ஆவணி வெயிலில் வந்து பாருங்கள். பழைய கோவில் ஒன்றில் வீதி முழுக்க இப்படிக் கல். செருப்பைக் கழற்றி இறங்கிய அம்மம்மா ஒருவர், இரண்டடி வைத்ததும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினார். "கால் வைக்கேலாது தம்பி, இங்கயிருந்தே சொல்லு." மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். வெளிச்சுவரைக் காட்டத்தான் கூட்டிப்போயிருந்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. மணலும் சுடும்தான், ஆனால் மர நிழல் விழுந்த மணலில் ஆறுதலாக நின்று கதை கேட்கலாம்.

சுவர் வெடிப்பில் முளைக்கும் ஆலையும் அரசையும் பிடுங்கத்தான் வேண்டும்; விட்டால் வேர் சுவரைப் பிளந்துவிடும். அதைச் சாட்டாக வைத்துத் தள்ளி நிற்கும் மருதிலும் பாலையிலும் கை வைக்காதீர்கள்.

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட இருக்கும் கற்சிலைமடுவை எடுங்கள். 1803 ஒக்டோபர் 31 அன்று ஆங்கிலேயரின் கப்டன் ட்ரிபேர்க், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் என்று கல் நட்ட ஊர். காட்டை அறிந்தவன் காட்டை நம்பி நடத்திய போர் அது. மரங்களை வெட்டி வெளியாக்கிய இடத்தில் நிற்கிற பிள்ளைக்கு அவன் எங்கே மறைந்தான், எப்படிப் பாய்ந்தான் என்று என்ன விளங்கும்? வரலாற்றில் பாதி அந்த மரங்களிடம்தான் இருக்கிறது.

சுவரை மட்டும் காட்டுவது

மன்னார்க் கரையில் உள்ள அரிப்பு ஊரில் அல்லிராணிக் கோட்டை என்று நாங்கள் சொல்லும் மாளிகையை, முத்துக்குளிப்பைப் பார்ப்பதற்காக ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801–1804 காலத்தில் கட்டினார். இடிந்த சுவரைக் காட்டிவிட்டு வாகனத்தில் ஏற்றினால் எப்படி? ஆட்களைக் கடல் பார்க்க நிறுத்துங்கள். காலையில் போனால் சுவர் நிழல் கடற்பக்கம்தான் விழும். ஆனால் கரையைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது, விளிம்புக்குப் போகவிடாதீர்கள்.

மதியம்

கூட்டிப்போகாதீர்கள்.

ஒலிபெருக்கி

காட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

விளக்கப் பலகை

வெயிலில் நட்ட பலகையை யாரும் கடைசி வரி வரை வாசிப்பதில்லை. படம் எடுக்கும் பக்கத்தை மறைத்தும் நடக்கூடாது. வாகனம் நிறுத்தும் மரத்தடியில் நடுங்கள், காத்திருக்கும் சாரதியும் வாசிப்பார்.