கத்திப் பிடிக்கு வைத்திருக்கும் கட்டையை எடை போட்டுப் பாருங்கள்

பட்டறையில் சொல்லிச் செய்யும் கத்திக்குக் கருவேலங்கட்டையோ புளியங்கட்டையோ கொண்டுபோகிறீர்களா? முதலில் அதைப் பிடி அளவைவிடச் சற்றுப் பெரிதாக அறுத்து, சமையலறைத் தராசில் வைத்து, எடையைப் பென்சிலால் கட்டையிலேயே எழுதிவிடுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். மூன்று வாரம் தொடர்ந்து ஒரே எடை காட்டினால் கட்டை காய்ந்துவிட்டது.

ஈரம் போகப் போக மரம் அகலத்தில் சுருங்கும், இரும்பு சுருங்காது. பச்சைக் கட்டையில் பிடி போட்டால் பிறகு ஆணித்தலை துருத்திக்கொண்டு உள்ளங்கையில் உறுத்தும், பிடியும் ஆடும். அப்புறம் மறுபிடிக்குத் தனிக் கூலி. கட்டையின் வெட்டுமுனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும் என்பதால், இரண்டு முனையிலும் மெழுகுவர்த்தியை உருக்கித் தடவி நிழலில் வையுங்கள், வெடிக்காது. மெழுகைப் பூசிய பிறகு முதல் எடையைக் குறியுங்கள்.

பழைய ஓட்டு வீட்டு விட்டத்தில் அறுத்த துண்டு என்றால் இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. மைக்கார்ட்டா (துணி அடுக்கைப் பிசினில் தோய்த்து இறுக்கிய பலகை), பிசின் ஏற்றிய மரம் இரண்டுக்கும் இது தேவையில்லை. பொள்ளாச்சிப் பக்கம் ஆடிச் சாரலில் நிறுத்தால் எடை நின்றதுபோலக் காட்டி ஏமாற்றும். வெயில் திரும்பியதும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.