மவுண்டன் கோஸ்டரில் முதல் சவாரி: டிக்கெட் வரிசையில் இருந்து இறங்கும் மேடை வரை

ரோலர் கோஸ்டரில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் நம் வேலை முடிந்தது. மவுண்டன் கோஸ்டர் அப்படியில்லை. மரங்களுக்கு நடுவே மலைச்சரிவில் இறங்கும் அந்தச் சின்ன வண்டியின் பிரேக் உங்கள் கையில்தான் இருக்கும். எங்கே வேகம், எங்கே நிதானம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். எனக்கு இந்தச் சவாரி இவ்வளவு பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

முதல்முறை ஏறுகிறவர்களில் சிலர் பயத்தில் பிரேக்கைப் பிடித்த பிடி விடாமல் ஊர்ந்தே வருவார்கள். வேறு சிலர் ஆரம்பத்திலேயே முழுசாக விட்டுவிட்டு, முன்னால் போகும் வண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டு வருவார்கள். இரண்டு பேருக்குமே பாதி சுகம்தான் கிடைக்கும். பிரேக்கை எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்று தெரிந்துவிட்டால் பயமும் குறையும், வேகமும் கிடைக்கும். அதனால் இந்தப் பதிவில் பிரேக்கைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதலில் வண்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆல்பைன் கோஸ்டர் என்றாலும் இதுதான். பெரும்பாலான இடங்களில் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்திக் கட்டிய இரண்டு எஃகுக் குழாய்கள்தான் தண்டவாளம். வண்டியின் சக்கரங்கள் குழாயின் மேலே மட்டும் உருள்வதில்லை, அடிப்பக்கமும் பிடித்துக்கொள்ளும். அதனால் வளைவில் வண்டி எவ்வளவு சாய்ந்தாலும் தண்டவாளத்தை விட்டுக் கிளம்பாது. பள்ளமான உலோகத் தொட்டியில் வழுக்கிக்கொண்டு இறங்கும் பழைய வகைச் சறுக்குவண்டிக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வித்தியாசமே இதுதான்.

இறங்கும்போது மோட்டார் எதுவும் இழுப்பதில்லை. ஈர்ப்பு விசைதான் எல்லாம். நிறைய வண்டிகளில் நம் கை பிரேக் தவிர, தானாக வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக் ஒன்றும் உண்டு. மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் அது வேலை செய்ய ஆரம்பிக்கும். சாலையில் இந்த வேகம் ஒன்றுமேயில்லை. ஆனால் உடம்பு தரைக்குப் பக்கத்தில், கால்கள் முன்னால் நீட்டியபடி, இரண்டு பக்கமும் மரங்கள் கடந்து போகும்போது அது வேறு மாதிரி இருக்கும்.

பாதையின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். சில நூறு மீட்டரிலேயே முடிந்துவிடுவதும் உண்டு. ஆஸ்திரியாவின் இம்ஸ்டில் இருப்பது சுமார் 3.5 கிலோமீட்டர். அன்டோராவின் டோபோட்ராங்க் ஏற்றமும் இறக்கமும் சேர்த்து 5.3 கிலோமீட்டர். முதல் சவாரிக்கு நீளமான பாதை கிடைத்தால் நல்லது. கை பழகுவதற்கே முதல் சில வளைவுகள் போய்விடும்.

வரிசையில் நிற்பதற்கு முன்

உயரம், வயது, எடை வரம்புகள் பலகையில் எழுதியிருக்கும். தனியாக ஓட்ட ஒரு வரம்பு, பெரியவரோடு சேர்ந்து உட்கார வேறொரு வரம்பு. குழந்தையோடு போகிறீர்கள் என்றால் இதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பாருங்கள். வரிசையில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு "நீ ஏற முடியாது" என்று சொன்னால் பிள்ளையின் முகம் வாடிப்போகும்.

கர்ப்பிணிகள், முதுகு அல்லது கழுத்துப் பிரச்சினை உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஏற வேண்டாம். பாதை பார்க்க மென்மையாகத் தெரிந்தாலும் வளைவிலும் மேடுபள்ளத்திலும் முதுகு குலுங்கும். பின்னால் வரும் வண்டி வந்து இடித்தால் அந்த அடி நேராகக் கழுத்தில்தான் இறங்கும்.

உடுப்பில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: தொங்குவது எதுவும் கூடாது. ஷால், நீளமான துணி, ஜாக்கெட்டின் கயிறு எல்லாம் சக்கரத்துக்குப் பக்கத்தில் போகும். நீளமான முடியைக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள், சும்மா பின்னிவிட்டால் போதாது. செருப்பை விட இறுக்கமான ஷூ நல்லது. கண்ணாடிக்கு ஒரு பட்டை மாட்டிக்கொள்ளுங்கள். குளிர் என்றால் மெல்லிய கையுறை உதவும், விரல் விறைத்துப்போனால் லீவரை, அதாவது பிரேக் கைப்பிடியைப் பிடிக்கும் உணர்வே போய்விடும்.

போனை ஜிப் உள்ள பையில் வைத்து மூடிவிடுங்கள். கையில் பிடித்துப் படம் எடுக்கவே வேண்டாம். ஒரு கை போனில் இருந்தால் பிரேக்குக்கு ஒரு கைதான் மிச்சம். படம் வேண்டுமென்றால், நிறைய இடங்களில் பாதையோரத்திலேயே ஒரு கேமரா வைத்திருப்பார்கள், கீழே வந்து வாங்கிக்கொள்ளலாம்.

உட்காருவதும் பெல்ட்டும்

வண்டி நின்ற பிறகே ஏறுங்கள். முதுகு முழுவதும் சாய்மானத்தில் படும்படி நன்றாகப் பின்னால் தள்ளி உட்காருங்கள். கால்களை அவற்றுக்கான இடத்தில் வையுங்கள். முழங்கால் லேசாக மடங்கி இருக்கட்டும். பெல்ட்டை ஊழியர் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். அவர் போன பிறகு நீங்களும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

குழந்தையோடு போகும்போது வழக்கமாகச் சின்னவர் முன்னால், பெரியவர் பின்னால். லீவர் பெரியவரிடம் மட்டும். இதில் பலரும் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. குழந்தையின் பின்மண்டை சரியாக உங்கள் தாடைக்குக் கீழே இருக்கும். மேட்டில் வண்டி குதித்தால் தலையும் தாடையும் முட்டிக்கொள்ளும். உங்கள் முகத்தைக் கொஞ்சம் ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு, குழந்தையை உங்கள் மார்பில் நன்றாகச் சாய்ந்துகொள்ளச் சொல்லுங்கள். இரண்டு பேர் எடை இருப்பதால் வண்டி சீக்கிரம் வேகம் பிடிக்கும், நிற்கவும் அதிக தூரம் எடுக்கும். அதனால் பிரேக்கை வழக்கத்தை விட முன்கூட்டியே பிடிக்க வேண்டும்.

லீவர்

உங்கள் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கைப்பிடி இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் முன்னால் தள்ளினால் பிரேக் விடுபட்டு வண்டி ஓடும், பின்னால் இழுத்தால் பிரேக் பிடிக்கும். சைக்கிள், பைக் ஓட்டிப் பழகிய கைக்கு இது புதுசு. அங்கே அழுத்திப் பிடித்தால் நிற்கும். இங்கே கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் ஒன்றும் நடக்காது, இழுத்தால்தான் நிற்கும். பயந்தால் நம் கை தானாக இறுகும், அதோடு சேர்ந்து உடம்பு முன்னால் சாயும். அப்படிச் சாய்ந்தால் லீவரும் முன்னால் போய்விடும், வண்டி இன்னும் வேகமெடுக்கும். அதனால் நிலையத்திலேயே, வண்டி கிளம்பும் முன், "முன்னால் ஓட்டம், பின்னால் நிறுத்தம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் முறை வேறாக இருந்தால் ஊழியர் சொல்வார், அதையே மனதில் பதியவையுங்கள்.

இன்னொன்று. லீவர் ஸ்விட்ச் மாதிரி இல்லை, முழுசாகத் தள்ளினால் முழு வேகம், பாதி தள்ளினால் பாதி வேகம் என்று கையின் அளவுக்கு ஏற்ப மாறும். முதல் சவாரியில் அந்த நடுப்பகுதியில்தான் கை இருக்க வேண்டும்.

மேலே ஏறும்போது

சில இடங்களில் விஞ்சு அல்லது தூக்கு நாற்காலியில் உச்சிக்குப் போய், அங்கே வண்டியில் உட்காருவீர்கள். மற்ற இடங்களில் நீங்கள் உட்கார்ந்த வண்டியையே ஒரு கேபிள் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். கேபிள் மாட்டும்போது ஒரு குலுக்கல் இருக்கும், பயப்பட வேண்டாம். ஊழியர் சொன்ன நிலையில் லீவரை விட்டுவிட்டு, கைகளை வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சில நிமிடங்களை வீணாக்காதீர்கள். மேலே ஏறும் பாதைக்குப் பக்கத்திலேயே இறங்கும் பாதையின் பல பகுதிகள் தெரியும். எந்த வளைவு கூர்மையாக இருக்கிறது, எங்கே சுருள் மாதிரி ஒரு முழு வட்டம் அடிக்கிறது, இறங்குகிறவர்கள் எந்த இடத்தில் வேகம் குறைக்கிறார்கள் என்று பாருங்கள். பாதை பாதி மனப்பாடம் ஆகிவிடும்.

இறங்குவது

உச்சியில் கேபிள் தானாக விடுபடும். அந்த நொடியில் ஒரு அமைதி. அப்புறம் வண்டி மெதுவாக உருள ஆரம்பிக்கும்.

முதல் நேர்ப்பாதையில் வேகமெடுப்பதற்கு முன்பே லீவரை ஒருமுறை பின்னால் இழுத்துப் பாருங்கள். எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நிற்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். ஆனால் முழுசாக நிறுத்திவிடாதீர்கள். பாதையில் நிற்பது எல்லா இடத்திலும் தடை. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்பது வளைவு தாண்டிய பிறகுதான் தெரியும்.

இனி வளைவுகள். வளைவுக்குள் போன பிறகு சடாரென்று பிரேக் பிடித்தால் உடம்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் ஆடும். வளைவு தெரிந்ததும், அதற்கு முன்னால் இருக்கும் நேர்ப்பாதையிலேயே நிதானமாக இழுத்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் நுழைந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். வெளியே வரும்போது முழுசாகத் தள்ளுங்கள். வண்டி வளைவிலிருந்து உங்களைத் தூக்கி வெளியே எறிவது போல் வேகமெடுக்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் திரும்பத் திரும்ப இதில் ஏறுகிறேன். தொடக்கத்திலிருந்து லீவரை முழுசாகத் தள்ளியே வைத்திருந்தால் தானியங்கி பிரேக் வேகத்தை ஒரே அளவில் பிடித்துவைக்கும், இந்த ஏற்ற இறக்கம் உங்களுக்குக் கிடைக்காது.

தலையை நேராக வைத்து, பார்வையை அடுத்த வளைவின் முடிவில் வையுங்கள். பக்கத்து மரங்களைப் பார்த்தால் தலை சுற்றும்.

முன் வண்டிக்கும் உங்களுக்கும் குறைந்தது 25 மீட்டர் இருக்கட்டும் என்று பல இடங்களில் பலகை வைத்திருப்பார்கள். ஓடும்போது மீட்டரை யார் கணக்கிடுவது? அதனால் இப்படிச் செய்யுங்கள்: முன் வண்டி ஒரு கம்பத்தையோ மரத்தையோ தாண்டியதும் எண்ண ஆரம்பியுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11 மீட்டர், அதாவது 25 மீட்டரை இரண்டே நொடிக்குச் சற்று மேல் கடந்துவிடுவீர்கள். நிதானமாக மூன்று எண்ணுவதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் மிகவும் நெருங்கிவிட்டீர்கள். முன்னால் இருப்பவர் மெதுவாகப் போனால் கத்தி அவசரப்படுத்தாதீர்கள், அவருக்கும் இது முதல் சவாரியாக இருக்கலாம்.

ஈரம்

மழை பெய்தால் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் தூறல் விட்ட பிறகும், காலைப் பனியிலும் திறந்திருக்கும். அப்போது தண்டவாளம் ஈரமாக இருந்தால் பிரேக் பிடித்த பிறகும் வண்டி கொஞ்ச தூரம் வழுக்கும். இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள், பிரேக்கை முன்கூட்டியே பிடியுங்கள்.

வண்டி நின்றுவிட்டால்

முன்னால் யாராவது நின்றுவிட்டாலோ மின்சாரம் போனாலோ நீங்களும் நிற்க வேண்டிவரும். கையை உயர்த்திக் காட்டி, பின்னால் வருகிறவருக்கு உரக்கச் சொல்லுங்கள். பெல்ட்டைக் கழற்ற வேண்டாம், வண்டியிலிருந்து இறங்கவே வேண்டாம். சில இடங்களில் தண்டவாளம் தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் போகும், பின்னால் வேறு வண்டியும் வரலாம். ஊழியர்கள் வந்து பார்ப்பார்கள்.

கீழ் நிலையம்

முடிவுக்குச் சற்று முன்னால் "பிரேக் பிடி" என்ற பலகை இருக்கும். அங்கே நிதானமாக இழுக்கத் தொடங்குங்கள். முன்னால் வண்டிகள் வரிசையாக நிற்கும், அவற்றுக்குப் பின்னால் மெதுவாகப் போய் நில்லுங்கள். ஊழியர் கையசைக்கும் வரை பெல்ட்டைத் தொடாதீர்கள். இறங்கும்போது அவர் காட்டும் பக்கமாக இறங்கி, தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டாமல் நடந்து வெளியே வாருங்கள். கால் கொஞ்சம் தள்ளாடும், ஒரு நிமிடம் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டுப் போகலாம்.

முடிந்தால் இரண்டு சவாரிக்கான டிக்கெட்டாக எடுத்துவிடுங்கள். முதல் சவாரி முழுவதும் கை பழகுவதற்குப் போய்விடும். இரண்டாவதில் எந்த வளைவுக்கு முன்னால் பிரேக் வேண்டும், எதை அப்படியே விடலாம் என்று தெரிந்திருக்கும். உச்சியில் கிளம்பும்போது முன் வண்டி நன்றாகத் தள்ளிப் போகும் வரை ஊழியரிடம் கொஞ்சம் கூடுதல் நேரம் கேளுங்கள். கூட்டம் குறைவாக இருந்தால் பெரும்பாலும் தருவார்கள்.