சின்னதிலிருந்து தொடங்காதீர்கள்

மீன் லார்வா (முட்டை பொரிந்து வந்த குஞ்சு) அடையாளம் காணப் புதிதாக வருபவர்கள் லேபிள் ஒட்ட மறப்பதும் குப்பியை மாற்றி வைப்பதும் ஒரு தடவை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். நான் சொல்ல வந்தது வேறு. போன வாரம்கூட ஒருவர் மூன்று மில்லிமீட்டர் லார்வாவை நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டு, "வாலடியில் கருப்புப் புள்ளி வரிசை இருக்கு சார்" என்று இனப்பெயரையே சொல்லிவிட்டார். எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பியது.

சின்னதிலிருந்து பெரியதுக்குப் போவது

நானும் இப்படித்தான் செய்தேன். மூன்று மில்லிமீட்டரில் தொடங்கி ஒன்பது வரை, வாலடிப் புள்ளி ஒத்துப்போனதையெல்லாம் ஒரே வரிசையில் அடுக்கினேன். ஐந்து மாதம் உட்கார்ந்து படம் வரைந்தேன். கடைசியில் பெரியவற்றின் முதுகுத் துடுப்புக் கதிர்களை (துடுப்பைத் தாங்கும் குச்சிகளை) எண்ணினால் இரண்டு விதமான கணக்கு வருகிறது! தசைக்கண்டங்கள், அதாவது உடலின் பக்கவாட்டில் வரிசையாகத் தெரியும் தசைத் துண்டுகள், இரண்டிலும் 24தான்; ஆனால் ஆசனவாய்க்கு முன்னால் உள்ளவற்றின் எண்ணிக்கை வேறு. ஒன்றின் செவுள்மூடியில் முட்கள், மற்றதில் இல்லை. அத்தனை படமும் வீண்.

துடுப்புக் கதிர்கள் முழுசாக முளைத்த பெரிய மாதிரியை முதலில் எடுங்கள். அதன் கதிர்களையும் முள்ளெலும்புகளையும் வளர்ந்த மீனோடு ஒப்பிட்டு யாரென்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குங்கள். கதிர் முளைக்காத சின்ன லார்வாவில் கைகொடுப்பது தசைக்கண்டம்தான். அது முள்ளெலும்பு எண்ணிக்கையை ஏறக்குறைய ஒத்திருக்கும்: பாரைக் குடும்பத்தில் பெரும்பாலும் 24, மத்தியில் நாற்பதுக்கு மேல், விலாங்கில் நூறைத் தாண்டும். முனைவாக்கிய ஒளியில் (polarized light) எண்ணினால் கண் குழம்பாது. ஆனால் 24 முதல் 26 வரை உள்ள குடும்பங்கள் ஏராளம். அந்த எண்ணை மட்டும் நம்பினால் என் கதைதான். புள்ளியையும் நம்ப முடியாது. கருப்பு நிறமி செல்கள் உயிருள்ளபோது விரியும், சுருங்கும். பிடிபட்ட நேரத்தில் எப்படி இருந்தனவோ அப்படியே குப்பியில் தெரியும்.

விலாங்கு இந்த வழிக்கு விலக்கு. இலைபோன்ற அதன் லார்வா உருமாறும்போது நீளம் குறைகிறது, ஆகவே பெரியதுதான் மூத்தது என்ற கணக்கு அங்கே எடுபடாது. ஐரோப்பிய விலாங்கின் லார்வாவைத் தனி மீனாகவே 1856இல் விவரித்தார்கள்; அது விலாங்கின் குட்டிதான் என்று 1890களில்தான் இத்தாலிய விஞ்ஞானிகள் கிராசியும் கலாந்துருச்சோவும் காட்டினார்கள்.

"பெரிய மாதிரிகள் எங்கே?" என்று அந்த மூன்று மில்லிமீட்டர்காரரிடம் கேட்டேன். லார்வாதானே வேண்டும் என்று எறிந்துவிட்டாராம்.

நீளம்

எந்த நீளம் என்று எழுதுங்கள். முதுகெலும்புக்கு முன்னோடியான நாண் வால்நுனியில் வளையும் முன் மூக்குநுனியிலிருந்து நாண்நுனி வரை, வளைந்தபின் வால்துடுப்பு எலும்புகளின் அடி வரை. பதப்படுத்தினால் சுருங்கும், அளந்தது உயிரோடா, குப்பியிலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மஞ்சளும் சிவப்பும்

குப்பியில் மங்கிவிடும். பிடித்த அன்றே குறித்துவிடுங்கள்.

ஃபார்மலின்

மாதிரிகளைப் பதப்படுத்தும் இந்தத் திரவத்தில் போராக்ஸ் போடாவிட்டால் அமிலமாகிச் செவிக்கல்லை (மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்) கரைத்துவிடும். டிஎன்ஏ பார்க்க வேண்டுமானால் கொஞ்சத்தை எத்தனாலில் தனியே வையுங்கள்.